மஞ்சூர் பஸ்ஸுக்காகத் தூக்கிய ரீல்

நான் எப்பேர்ப்பட்ட அறிவாளி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் ஏமாந்துபோனதாகக் குறைப்படக் கூடாது.

ஒரே படம், ஒரே தியேட்டர், ஒரே திரை. மேட்னி பார்த்துவிட்டு வந்தவர்கள் "அந்த மாமியார் தங்கம்" என்றார்கள். சாயங்காலக் காட்சி பார்த்துவிட்டு வந்தவர்கள் "அவளெல்லாம் ஒரு மனுஷியா" என்றார்கள். இது என்ன கூத்து என்று முதலாளி கேட்டார். மதியம் வருகிறவர்கள் சோறு தின்றுவிட்டு வருகிறார்கள், சாயங்காலம் வருகிறவர்கள் வேலை முடித்துப் பசியோடு வருகிறார்கள், வயிறு நிறைந்தவனுக்கு மாமியார் மேல் கோபம் வராது என்று நான் விளக்கினேன். அதோடு விட்டேனா? இடைவேளையில் பஜ்ஜியைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் படத்துக்கு நல்ல பேர் வரும் என்று யோசனையும் சொன்னேன். அதைக் கேட்டு முதலாளி கேன்டீன்காரரைக் கூப்பிட்டுப் பேசினார் என்பதுதான் இதில் பெரிய வேடிக்கை.

உண்மையான காரணம், என் கைக்கு எட்டும் தூரத்தில், ஆபரேட்டர் ரூம் பெஞ்சுக்கு அடியில், ஒரு தகர டப்பாவுக்குள் இருந்தது. தினம் சாயங்காலம் அதை அங்கே வைத்தவனும் நான்தான்.

கேட்டில் நின்று கேட்பது

குன்னூரில் பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே இருந்த ஒரு தியேட்டரில் நான் ஆபரேட்டராக இருந்தேன். எண்பதுகளில் நடந்த கதை இது. இப்போது இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கு ஒரு பட்டனைத் தட்டினால் படம் ஓடுகிறது. நடுவில் டீ குடித்துவிட்டு வரலாம். அன்றைக்கு இரண்டு புரொஜெக்டர், இரண்டிலும் கார்பன் குச்சிகள். குச்சிகளுக்கு நடுவே நெருப்பு எரிய வேண்டும், அந்த வெளிச்சத்தில்தான் படம். குச்சி தேயத் தேயத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு ரீல் முடியும்போது திரையின் மூலையில் ஒரு புள்ளி வரும். வந்த உடனே அடுத்த மெஷினுக்கு மாற்ற வேண்டும். ஆகவே ஆபரேட்டர் படம் பார்ப்பான் என்று நினைக்காதீர்கள். அவன் நெருப்பைப் பார்ப்பான், புள்ளியைப் பார்ப்பான். ஒரு படத்தை ஐம்பது தடவை ஓட்டியிருப்பான், கதை கேட்டால் திருதிருவென்று விழிப்பான்.

இதற்கு மேல் எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. படம் முடிந்ததும் கீழே இறங்கி வந்து வாசலில் நிற்க வேண்டும். வெளியே போகிற ஜனங்களிடம் "படம் எப்படிங்க?" என்று கேட்க வேண்டும். எங்கள் பாஷையில் இதற்கு 'டாக்' என்று பேர். கோயம்புத்தூரிலிருந்து விநியோகஸ்தரின் ஆள் காலையில் போன் செய்து "டாக் எப்படி?" என்பார். முதலாளி என்னைப் பார்ப்பார். நான் சொல்வதை வைத்துத்தான் படம் இன்னும் ஓடுமா, பெட்டியைக் கட்டுவதா என்று முடிவாகும்.

ஜனங்கள் சும்மா கேட்டால் சொல்ல மாட்டார்கள். காட்டேரிப் பக்கத்திலிருந்து வரும் படகர் ஒருவர் இருந்தார். எந்தப் படத்துக்கும் அவர் கருத்து "மழை வரும் போல" என்பதுதான். அருவங்காட்டு வெடிமருந்து ஃபாக்டரியில் ஷிஃப்ட் முடித்து வருகிற ஒருவர் "மொதல்ல சீட்டுல இருக்கற மூட்டப்பூச்சிக்கு ஒரு வழி பண்ணுங்க, அப்பறம் படத்தப் பத்திப் பேசலாம்" என்பார். ஒரு போலீஸ்காரர் ஓசியில் பார்த்துவிட்டு "காசு தண்டமுங்க" என்பார். இவற்றிலிருந்துதான் நான் டாக்கைப் பிழிந்து எடுக்க வேண்டும்.

பஸ் விடுவதும் ரீல் தூக்குவதும்

சாயங்காலக் காட்சி முடிகிற நேரமும் மஞ்சூருக்குக் கடைசி பஸ் கிளம்புகிற நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். மஞ்சூர், கைகாட்டிப் பக்கத்து எஸ்டேட் ஜனங்கள் எங்களுக்கு முக்கியமான கிராக்கி. பஸ்ஸை விட்டால் அவர்களுக்கு வேறு வழி இல்லை. அந்தக் குளிரில் கொண்டை ஊசி வளைவுகளில் நடந்து ஊர் சேர முடியாது. ஆகவே கதாநாயகன் சாகக் கிடந்தாலும் சரி, கல்யாணம் நடந்துகொண்டிருந்தாலும் சரி, மேலே பஸ் ஹார்ன் கேட்டால் பாதித் தியேட்டர் எழுந்து போய்விடும்.

படம் நீளமாக இருந்தால் இதற்கு ஒரு கை வைத்தியம் உண்டு. சாயங்காலக் காட்சியில் மட்டும் ஒரு ரீலைத் தூக்கிவிடுவோம். ஒரு சண்டை, அல்லது தேயிலைத் தோட்டத்தில் எடுத்த ஒரு பாட்டு. தேயிலைத் தோட்டத்தை எங்கள் ஜனங்கள் காசு கொடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. குன்னூரில் நான் வேலை பார்த்த காலத்தில் பல வில்லன்கள் அடி வாங்காமலே திருந்தியிருக்கிறார்கள். யாரும் குறை சொன்னதில்லை.

இரண்டு தமிழ்ப் படங்களுக்கு நடுவே காலியாக இருந்த நாட்களுக்கு அந்த மலையாளப் படம் வந்தது. குன்னூரில் மலையாளிகளுக்குப் பஞ்சமில்லை: பேக்கரி, டீக்கடை, ஆஸ்பத்திரி நர்ஸ்கள். ஆனால் தமிழ் ஜனமும் திரண்டு வந்தது. காரணம் வாத்து. ஓர் ஆற்றங்கரைக் கிராமத்தில் வாத்து வளர்க்கிற குடும்பம். வாத்துகள் தினமும் பக்கத்து வயலில் புகுந்துவிடும். வயல்காரன் கேஸ் போடுகிறான், வாத்துகளைக் கோர்ட்டுக்கு ஓட்டி வருகிறார்கள், ஜட்ஜ் மேஜை மேல் ஒரு வாத்து ஏறுகிறது. இதற்குப் பாஷை எதற்கு? அந்த வீட்டு அம்மாவுக்கு வாய் என்றால் வாய். பேச ஆரம்பித்தால் ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். அவளுடைய பையன் தமிழ்நாட்டுப் பக்கம் வேலைக்கு வந்த இடத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணைக் கட்டிக் கூட்டிப் போகிறான். மலையாளம் தெரியாத மருமகளும் ஊரையே அலற வைக்கிற மாமியாரும். மீதிக் கதை இதுதான்.

படம் நீளம். "எதையாவது தூக்கப்பா" என்றார் முதலாளி. சண்டை இல்லை. பாட்டு ஒன்றே ஒன்று, அதிலும் வாத்து வருகிறது. தூக்கினால் அடிக்க வருவார்கள். மேட்னி ஓட்டும்போது ஆபரேட்டர் ரூம் சுவரில் இருந்த துவாரம் வழியாக அவ்வப்போது எட்டிப் பார்த்தேன். கடைசிக்குச் சற்று முன்னால் ஒரு ரீலில் எப்போது பார்த்தாலும் அடுப்படி. ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். குச்சியைத் தள்ளிவிட்டு மறுபடி பார்த்தால் அப்போதும் உட்கார்ந்திருக்கிறாள். இன்னொருத்தி தூங்குகிறாள். பேச்சுகூடப் பாதியோடு நின்றுவிட்டது. தூங்குகிறவளைப் பார்க்கவா டிக்கெட் எடுத்தார்கள் என்று அதைத் தூக்கிப் பெஞ்சுக்கு அடியில் வைத்தேன். அன்று மஞ்சூர் பஸ்ஸுக்குப் போனவர்கள் நிதானமாக, வேர்க்கடலை வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கு என்மேல் நல்ல மரியாதை வந்தது.

இரண்டு டாக்

மேட்னிக் கூட்டம் சிரித்துக்கொண்டே வந்தது. "அந்தம்மா மாதிரி மாமியா கெடைக்கறதுக்குக் குடுத்து வெக்கோணுமுங்க" என்றார் மார்க்கெட்டில் கேரட் மண்டி வைத்திருந்தவர். சிலர் பதில் சொல்லாமல், வாயை மூடிக்கொண்டு, கையை மட்டும் என் பக்கம் இப்படி இப்படி வீசிவிட்டுச் சிரித்தார்கள். வழியை விட்டுத் தள்ளிப் போகச் சொல்கிறார்கள் என்று நினைத்து நான் ஓரமாக நின்றேன். மறுநாளும் வீசினார்கள். இன்னும் ஓரமாக நின்றேன்.

சாயங்காலக் கூட்டமும் சிரித்தது. ஆனால் மாமியார் பேச்சை எடுத்தால் முகம் மாறிவிடும். "வாத்து சூப்பருங்க. அந்தக் கெழவிய மட்டும் ஆத்துல தள்ளியுட்டுருக்கலாம்" என்றார் அதே அருவங்காட்டுக்காரர். மூட்டைப்பூச்சியையே மறக்கும் அளவுக்குக் கோபம். வயிறு பற்றிய என் ஆராய்ச்சி அப்போது பிறந்ததுதான். முதலாளி அதைப் போனில் கோயம்புத்தூருக்கே சொன்னார். அந்தப் பக்கத்து ஆள் போனை வைத்துவிட்டாராம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மஞ்சூருக்கு மேலே ஒரு எஸ்டேட்டிலிருந்து பெண்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். அவர்களில் பாக்கியம் அக்கா எனக்கு முகப்பழக்கம். சிலோனிலிருந்து வந்த குடும்பம். எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிய குடியிருப்பை நாங்கள் லைன் என்றால் அவர் லயம் என்பார். நல்ல படம் என்றால் "பரவால்ல" என்பார். மோசமான படம் என்றாலும் "பரவால்ல" என்பார். அன்று மற்றவர்கள் பஸ்ஸுக்கு ஏறிக்கொண்டிருக்க, அவர் மட்டும் வாசலில் நின்றார்.

"படம் எப்படிங்கக்கா?"

"மலையாளத்துல மாமியாக்காரியெல்லாம் நெசமாவே இப்பிடித்தானா தம்பி?"

நான்தான் பெரிய பபூன் ஆயிற்றே. "மாமியாரு எந்த பாஷையில இருந்தாலும் ஒரே மாடல்தானுங்கக்கா. கம்பெனி ஒண்ணுதான்" என்றேன். பக்கத்தில் போனவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"கடைசியில அந்தப் புள்ள அவ பக்கத்துல உக்காந்து சிரிக்குதே. ஏன் சிரிக்குது?"

"படம் முடியுதுல்லங்க, அதுக்கு."

"இல்ல. ஏசி ஏசி அந்தப் புள்ளைக்கிப் பயம் புடிச்சிருச்சு. அதான் சிரிக்குது."

கூட வந்த பெண் ஒருத்தி என்னைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப் போய், "சும்மா வெளையாட்டுப் பேசாதீங்க. அக்கா மக விஜயா மலையாளத்துக்காரப் பையனத்தான் கட்டிப் போயிருக்கு. இப்ப வயித்துல ஏழு மாசம்" என்றாள்.

பையன் பேர் ரவி. குந்தா கரண்ட் வேலைக்கு வந்தவன். நிலம்பூருக்கு அந்தப் பக்கம் ஊர். இருவரும் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போன மாசம் அவன் மட்டும் வந்திருந்தான். பாக்கியம் அக்கா வாசலில் நிற்க வைத்தே டீ கொடுத்து அனுப்பினார். பிரசவம் அங்கேயே ஆகட்டும், நீங்களும் வந்து கூட இருங்கள் என்று அவன் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அந்த அம்மாவை இவர் பார்த்ததே இல்லை. மலையாள வீட்டுக்குத் தமிழ்ப் பெண் மருமகளாகப் போகிற படம் ஓடுகிறது என்று யாரோ சொல்லவும், அந்த வீடு எப்படி இருக்கும் என்று பார்க்க வந்திருக்கிறார். சிரிப்புப் படம் பார்க்க அவர் வரவே இல்லை.

"ஞாயித்துக்கெழம போறேன்" என்றார் பாக்கியம் அக்கா, என்னிடமா தனக்குத்தானா என்று தெரியாமல். "போயி கையோட கூட்டியாந்துர்றேன். இனி அனுப்புறதா இல்ல. வயித்துப் புள்ளக்காரி. இப்பிடி ஏசுனா தாங்குவாளா?"

"அக்கா, அது சினிமாங்க."

"எனக்கு வேற எங்க போயி பாக்குறது?"

மேலே ஹார்ன் கேட்டது. போய்விட்டார். முதலாளி வந்து "டாக் என்னப்பா?" என்றார். "பரவால்லைங்க" என்றேன்.

மொய்துக்கா கை வீசியது

மறுநாள் காலை மொய்துக்காவின் டீக்கடைக்குப் போனேன். அவர் கொண்டோட்டிக்காரர்; குன்னூரில் முப்பது வருஷமாக டீ ஆற்றுகிறார். படத்தை மேட்னியிலேயே இரண்டு தடவை பார்த்தவர். பாக்கியம் அக்கா கதையைச் சொன்னேன். அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"எந்தா நீ பறயுந்நது? அவ பாவமில்லே? அடுப்படியில அந்த மருமகக் குட்டிய மடியில போட்டு உறக்கும்போ, வாத்து உள்ள வரும். அப்போ அவ…" என்று சொல்லிவிட்டு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கரண்டியை என் பக்கம் இப்படி இப்படி வீசினார்.

கேரட் மண்டிக்காரர் வீசிய அதே வீச்சு. அவர்கள் என்னைத் தள்ளிப் போகச் சொல்லவே இல்லை.

"அடுப்படி?" என்றேன்.

"அடுப்படி. ஆ சீன் அல்லே படம். அது இல்லெங்கில் பின்னெ எந்தா உள்ளது? வெறும் வாத்து."

டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். பெஞ்சுக்கு அடியில் டப்பா இருந்தது. அந்தப் பெஞ்சின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் நான் தினமும் ராத்திரிச் சோறு சாப்பிட்டிருக்கிறேன்.

அன்றைக்கே மஞ்சூருக்குப் போயிருக்கலாம். ஆனால் இரண்டு காட்சிகளையும் போட்டுவிட்டுப் போய் வர பஸ் இல்லை. ஞாயிற்றுக்கிழமையோடு படம் கடைசி. திங்கள் காலை பெட்டி போய்விடும். மஞ்சூரிலிருந்து முதல் பஸ்ஸில் குன்னூர் வந்துதான் பாக்கியம் அக்கா ஊட்டி பஸ் பிடித்து, கூடலூர் போய், நாடுகாணி வழியாக நிலம்பூர் பக்கம் இறங்க வேண்டும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். சினிமாவில் கதாநாயகன் ரயிலடியில் நிற்பது போல என்று சொல்ல ஆசைதான். குரங்குக் குல்லாயோடு, மூக்கு ஒழுக நின்றேன்.

அவர் பெரிய பை ஒன்றோடு இறங்கினார். பை காலியாக இருந்தது. மகளுடைய துணிமணிகளுக்கு.

"அக்கா, ஒரு பத்து நிமிஷம் தியேட்டருக்கு வந்துட்டுப் போங்க."

"படம் பாக்குற நேரமா இது? ஊட்டி பஸ்ஸு நிக்குது."

"அடுத்த பஸ் இருக்குங்க. அன்னிக்கு நான் உங்களுக்கு ஒரு ரீல் போடலைங்க."

"போடலன்னா?"

"எடுத்து வெச்சுட்டேன். அந்த மாமியார் வர்ற ரீலு."

"ஏன் எடுத்த?"

"உங்க பஸ்ஸுக்குத்தாங்க."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஏசியிருந்தாலே தேவலை. பிறகு தியேட்டர் பக்கம் படி இறங்கி நடந்தார்.

ஓர் ஆளுக்கு ஒரு ரீல்

தியேட்டர் வாசலில் முதலாளி நின்றிருந்தார். அவர் அவிநாசிப் பக்கத்து மனுஷர். விடிந்ததும் பூட்டைத் தொட்டுப் பார்க்காவிட்டால் டீ இறங்காது.

"ஏனப்பா, யாரு இந்தம்மா?"

சொன்னேன்.

"ஒரு ஆளுக்குப் படமா? கார்பனு என்ன மரத்துலயா காய்க்குது? கரண்டு பில்லு உங்கொப்பன் கட்டுவானா?"

"என் சம்பளத்துல புடிச்சுக்கங்க."

"உன் சம்பளத்துல புடிக்கறதுக்கு என்ன மிச்சமிருக்குது?" என்றார். பாக்கியம் அக்காவைப் பார்த்தார், அவர் கையில் இருந்த காலிப் பையைப் பார்த்தார். குரல் இறங்கியது. "உள்ள போங்கம்மா. நடுவுல உக்காருங்க, அங்கதான் நல்லாத் தெரியும். ஏப்பா, சவுண்டக் கம்மியா வை. ஷோ ஆரம்பிச்சிருச்சுன்னு வழியில போறவனெல்லாம் உள்ள வந்துருவான்."

என்ன ஆயிற்று என்று விசாரிக்க வந்த மொய்துக்கா பின்வரிசையில் உட்கார்ந்தார். பாக்கியம் அக்கா சீட்டின் நுனியில், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் மேலே போய் குச்சியைப் பற்ற வைத்தேன். பிறகுதான் முதல் தடவையாக அந்த ரீலைப் பார்த்தேன்.

மாமியார்க்காரி மருமகளை இழுத்துக் கீழே உட்கார வைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்க்கிறாள். தேய்த்துக்கொண்டே திட்டுகிறாள். மொய்துக்கா மொழிபெயர்க்க எழுந்தார். "தலைமுடி கயிறு மாதிரி இருக்குன்னு…" என்று ஆரம்பித்ததும் பாக்கியம் அக்கா திரும்பாமலே, "நீங்க சும்மா இருங்க, நான் பாக்குறேன்" என்றார். மொய்துக்கா உட்கார்ந்துவிட்டார்.

வாய் திட்டிக்கொண்டே இருக்கிறது. கை அந்தப் பெண்ணின் காதுக்குப் பின்னால், பிடரியில், நெற்றி ஓரத்தில் மெல்லப் போய் வருகிறது. பெண்ணின் தலை சரிந்து மாமியார் மடியில் விழுகிறது. தூங்கிவிட்டாள். அப்போதுதான் பேச்சு நிற்கிறது. அடுப்பில் ஏதோ பொங்குகிறது, அவள் எழுந்திருக்கவில்லை. கால் மரத்துப்போய் முகம் கோணுகிறது, காலை எடுக்கவில்லை. வாசல் வழியாக வாத்துகள் வரிசையாக உள்ளே வருகின்றன. ஊரையே அலற வைக்கிறவள் வாயைத் திறக்கவில்லை. கரண்டியை எட்டி எடுத்து, சத்தமில்லாமல், இப்படி இப்படி வீசுகிறாள். வாத்துகள் அவளையே பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

கீழே கதவோரம் நின்றிருந்த முதலாளி சிரித்துவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். பாக்கியம் அக்கா சிரிக்கவில்லை.

ரீல் முடிந்தது. விளக்கைப் போட்டேன். அவர் எழுந்திருக்கவில்லை. மடியில் இருந்த பை இருந்தபடியே இருந்தது. அதன் மேல் ஒரு கை இருந்தது. நான் கீழே இறங்கி வந்தேன். பழக்கதோஷத்தில் "எப்படிங்கக்கா?" என்று கேட்டு வைத்தேன்.

"இன்னொருக்கா போடுவியா?"

முதலாளியைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். ஓடி மேலே போய் ரீலைக் கையால் சுற்றித் திருப்பி மறுபடி போட்டேன். இந்தத் தடவை வாத்து வரும்போது பாக்கியம் அக்கா சிரித்தார். சிரித்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். வெகு நேரம் மூடியபடியே இருந்தார்.

பிறகு குழாயில் முகம் கழுவிக்கொண்டு ஊட்டி பஸ் ஏறிப் போனார். பையையும் எடுத்துக்கொண்டுதான் போனார். மகளைக் கூட்டி வரப் போகிறாரா, கூட இருக்கப் போகிறாரா என்று நான் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்தது எனக்கு.

கடைசி நாள்

அன்று சாயங்காலம் ஒரு ரீலும் தூக்குவதில்லை என்று முடிவு செய்தேன். இடைவேளையில் ஓடிப்போய் மஞ்சூர் பஸ் டிரைவரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கேட்டேன்.

"உங்க படத்துக்கு நான் பஸ் நிறுத்தறதா? டைம் ஆனா எடுத்துருவேன்" என்றார்.

"ஆள் இல்லாம எடுத்துட்டுப் போய் என்னங்க பண்ணுவீங்க?"

"நிம்மதியாப் போவேன்."

ஆனால் நேரமாகியும் ஹார்ன் கேட்கவில்லை. துவாரம் வழியாக எட்டிப் பார்த்தால், கடைசிக் கதவுக்குப் பக்கத்தில் காக்கி ஸ்வெட்டரோடு டிரைவர் நின்றுகொண்டிருந்தார். கண்டக்டர் அவருக்குப் பின்னால். அடுப்படி ரீல் முடியும் வரைக்கும் இருவரும் நகரவில்லை.

அன்று வாசலில் நான் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்காமலே அவர்கள் வாயை மூடிக்கொண்டு என்னை நோக்கிக் கையை வீசிக்கொண்டு போனார்கள். அருவங்காட்டுக்காரர் மட்டும் நின்று, "அந்தம்மா நல்லவதானுங்க. அன்னிக்கு நான் சொன்னத யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க" என்றார். மழை வரும் என்று எப்போதும் சொல்கிற படகர் ஒன்றுமே சொல்லாமல் போனார். அதை நான் பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டேன். மஞ்சூர் பஸ் அன்றைக்கு ஹார்ன் அடிக்காமல் மெல்லக் கிளம்பிப் போனது. வாத்து சீனின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன். ஹார்ன் ரிப்பேராகவும் இருந்திருக்கலாம்.

திங்கள் காலை கோயம்புத்தூரிலிருந்து போன். "டாக் எப்படி?" முதலாளி ரிசீவரை என்னிடம் நீட்டினார். "முழுசாப் போட்டா நல்லா இருக்குதுங்க" என்றேன். "அப்படின்னா இத்தன நாளா?" என்று அவர் கேட்டதற்கு லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தம்பிகளுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஜனங்களிடம் அபிப்பிராயம் கேட்பது சுலபம். ஜனங்கள் ஏமாற்ற மாட்டார்கள். நீங்கள் காட்டியதைப் பார்த்து, அதற்கு உண்மையான பதிலைத்தான் சொல்வார்கள். பதில் விசித்திரமாக இருந்தால் அவர்கள் வயிற்றை ஆராய வேண்டாம். முதலில் உங்கள் பெஞ்சுக்கு அடியில் பாருங்கள். அதற்குப் பிறகு நான் ஒரு ரீலையும் பார்க்காமல் தூக்கியதில்லை. தூக்கவே இல்லை என்று சொல்லவில்லை. மஞ்சூர் பஸ் அப்படியேதானே இருந்தது. வில்லன்களைத் தொடர்ந்து தூக்கினேன். அடுப்படியில் கை வைக்கவில்லை.

மழைக்காலம் முடிந்து வெயில் அடித்த ஒரு நாள், பஸ் ஸ்டாண்டில் கார்பன் பார்சல் வாங்கிக்கொண்டு நின்றேன். ஊட்டி பஸ்ஸிலிருந்து பெரிய கூச்சல் கேட்டது. வெள்ளை முண்டும் ஜாக்கெட்டும் போட்ட ஒரு கனத்த அம்மாள், மேலே கட்டியிருந்த பலாப்பழத்தைச் சரியாக இறக்கவில்லை என்று கண்டக்டரை மலையாளத்தில் வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் குரல் சிம்ஸ் பார்க் வரைக்கும் கேட்டிருக்கும். பின்னாலேயே துணியில் சுற்றிய குழந்தையோடு ஒரு பெண் இறங்கினாள். அதற்கும் பின்னால் பாக்கியம் அக்கா.

இறங்கியதும் பாக்கியம் அக்கா செய்த முதல் வேலை, தன் கம்பளிச் சால்வையை எடுத்து அந்த அம்மாளின் தலையோடு சேர்த்துக் காதை மூடிக் கட்டியதுதான். "எத்தன தடவ சொல்றது, காத்து காதுக்குள்ள போனா அப்பறம் ராத்திரியெல்லாம் யாரு முழிக்கிறது?" என்று தமிழில் ஏசிக்கொண்டே கட்டினார். அந்த அம்மாள் மலையாளத்தில் திருப்பி ஏசிக்கொண்டே கழுத்தைக் காட்டினாள். நடுவில் விஜயா குழந்தையைத் தட்டிக்கொண்டு, இது தினமும் நடப்பதுதான் என்பது போல வேடிக்கை பார்த்தாள்.

நான் பக்கத்தில் போனேன். அவர்களை மஞ்சூர் பஸ்ஸில் ஏற்றி, பலாப்பழத்தையும் ஏற்றிவிட்டேன். சும்மா போயிருக்கலாம். போகிற ஆளா நான்? ஜன்னலருகே உட்கார்ந்திருந்த பாக்கியம் அக்காவிடம் மெல்லக் கேட்டேன்.

"சம்பந்தியம்மா எப்படிங்கக்கா?"

"இன்னும் எடவேளையே வரல, போ."